சுண்ணாம்புப் பேணியும் ஒரு பெருவிரலும்: ஸ்காபரோவிலிருந்து புளோரிடாக் குகை வரை

போன பதிவில் போட்ட பழைய படத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "அக்கா, முதுகில் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டி என்ன?" அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது ஒரு முழுப் பயணக் கதையாக நீண்டுவிட்டது. தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அந்தப் படம் 1998 ஒக்டோபர் கடைசியில் வட புளோரிடாவில் எடுத்தது. நானும் என் கணவர் நேசனும் ஸ்காபரோ டோர்செட் பார்க்கிலிருந்து ஒரு பழைய வானில் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடிப்போய், தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் ரீபிரீதர் போட்டுக்கொண்டு சுழியோடப் பழகினோம். அந்த நாட்களில் எங்கள் கட்டடத்தில் இதைச் சொன்னால், தலையிலே கை வைத்துப் பார்ப்பார்கள் காய்ச்சலா என்று.

ரீபிரீதர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சுழியோடி சிலிண்டர் காற்றை இழுத்து, விடும் மூச்சைக் குமிழியாகத் தண்ணீரில் விட்டுவிடுவார். ரீபிரீதர் அந்த மூச்சை வீணாக்காது. அது குழாய் வழியாக முதுகுப் பெட்டிக்குள் போகும். அங்கே ஒரு பேணி, டப்பா மாதிரி, அது நிறைய வெள்ளைச் சுண்ணாம்புக் குறுணி இருக்கும், பார்க்கச் சவ்வரிசி மாதிரி. அது நாம் விடும் காபனீரொட்சைட்டை (CO2) உறிஞ்சிவிடும். குறைந்துபோன ஒட்சிசனை ஒரு சிறிய சிலிண்டர் நிரப்பும். சுத்தமான மூச்சு திரும்ப வாய்க்கு வரும். குமிழி இல்லை, சத்தமில்லை, நீண்ட நேரம் உள்ளே இருக்கலாம். ஆனால் சுண்ணாம்பு சரியாக வேலை செய்யாவிட்டால் நீங்கள் உங்கள் கழிவையே திரும்பத் திரும்பக் குடிக்கிறீர்கள். எங்கள் இயந்திரங்களில் ஒட்சிசனைக் காட்ட மீற்றர் இருந்தது. காபனீரொட்சைட்டைக் காட்ட எதுவும் இல்லை. தலையிடி, இரைக்கிற மூச்சு, காரணமில்லாத பயம், இவைதான் எச்சரிக்கை.

இதற்குள் நாங்கள் எப்படிப் போய் மாட்டினோம் என்று கேட்டால், அதற்குக் காரணம் நேசனின் வாய். அவர் பிரிட்ஜ், ஏசி திருத்துகிற வேலை. எதைக் கண்டாலும் 'ஏன்' என்று கேட்காமல் விடமாட்டார். வங்கியில் கேட்பார், டொக்டரிடம் கேட்பார், கோயிலில் ஐயரிடமும் கேட்பார். யாழ்ப்பாணத்தில் நிலாவரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அந்தக் கிணற்றில் போட்ட தேசிக்காய் தூரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதான். எல்லோரும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தோம். இவர் மட்டும் வகுப்பில் எழும்பி, "ஆர் போட்டது, ஆர் எடுத்தது?" என்று கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்கியவர். தண்ணீர் மண்ணுக்குள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் அந்த அடியோடு நிற்கவில்லை.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் வீட்டு நிலக்கீழ் அறையில் ஏசி திருத்தப் போனவர், அங்கே சுழியோடும் சாமான்களையும் புளோரிடாக் குகை ஒன்றின் படத்தையும் கண்டுவிட்டார். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே ஆறு ஓடுகிற படம். நம்மூரும் அதே கல். அன்றைக்கு இரவு இந்த மனிதர் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை நீச்சல் குளத்தில் வகுப்புக்குப் பதிந்துவிட்டார்.

நான் சேர்ந்தது அவரோடு இறங்குகிறவர்கள் மேலுள்ள நம்பிக்கையீனத்தால். முதல் கோடையில், கல்லுடைத்துக் கைவிட்ட ஒரு கல்லுக்குழித் தண்ணீரில் அவரோடு சோடியாக இறங்கியவன், கலங்கலில் இவரை விட்டுவிட்டுத் தான் மட்டும் மேலே வந்துவிட்டான். இவர் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இனி நான் வாறன் உங்களோட," என்றேன்.

"நீரோ? உமக்கு நீந்தவே தெரியாதே!"

"உங்களுக்கு மட்டும் பிறக்கேக்கையே தெரியுமோ?"

இப்படியாக நானும் பழகினேன். 1997 இல் சாதாரணச் சிலிண்டரோடு புளோரிடாவில் குகை வகுப்பை முடித்தோம். 1998 கோடையில் ஒன்ராறியோக் கல்லுக்குழி ஒன்றில் ரீபிரீதர் பழகினோம். இயந்திரம் ஒன்று பாவித்ததாக வாங்கினோம், மற்றது வாடகைக்கு. எங்களோடு ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாம் மில்லிக்கன் பக்கம் சொந்த வீடு பார்த்துக்கொண்டிருந்த காலம். என் அக்கா அதே கட்டடத்தில் எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருந்தா. எங்கள் ஒன்பது வயது மகளை அவவிடம்தான் விட்டுவிட்டுப் போனோம்.

"மற்றவை வீடு வாங்கினம். நீங்கள் காசு குடுத்துக் கிணத்துக்குள்ள இறங்குறியள். விசரே உங்களுக்கு?" என்று ஏசிக்கொண்டே புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் பார்சல் கட்டித் தந்தா.

விடிய நாலரைக்குப் புறப்பட்டோம். 401 ஆம் நெடுஞ்சாலையில் எல்லை ஊரான வின்சர் 370 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். டெட்றொயிட் தாண்டியதும் 75 ஆம் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் வேறு வழி பார்க்கவே தேவையில்லை, அது நேரே வட புளோரிடாவில் கொண்டுபோய் விடும். எல்லையில் வானின் பின்கதவைத் திறக்கச் சொன்ன அதிகாரி, சிலிண்டர்களையும் வெள்ளைக் குறுணி வாளியையும் கண்டு முகம் மாறினார். இது என்ன என்று கேட்டார். நேசனிடம் அப்படிக் கேட்கலாமா? மூச்சு எப்படி வருகிறது, சுண்ணாம்பு எப்படி உறிஞ்சுகிறது என்று இவர் படம் கீறாத குறையாக விளக்கினார். பின்னால் கார் வரிசை நீண்டுகொண்டு போனது.

"ஏன் குகைக்குள் போகிறீர்கள்?" என்றார் அதிகாரி.

"தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க," என்றார் நேசன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள்?"

"இவரைப் பார்க்க," என்றேன். கதவைச் சாத்தச் சொல்லி விட்டுவிட்டார்.

முதல் இரவு கென்ரக்கியும் ரெனிசியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு மோட்டலில் தங்கினோம், 34 அமெரிக்க டொலர். கனடா டொலர் படுத்திருந்த காலம், எதை வாங்கினாலும் மனம் ஒன்றரையால் பெருக்கும். அடுத்த நாள் அற்லான்ராவைப் பின்னேர நெரிசலுக்கு முன் தாண்டிவிடுங்கள். நாங்கள் தாண்டவில்லை, இரண்டு மணித்தியாலம் ஊர்ந்தோம். இரவு பத்துக்குப் புளோரிடாவில் ஒரு சின்ன ஊரில் இறங்கியபோது ரொறன்ரோக் குளிருக்குப் போட்ட சுவெற்றர் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆசிரியை டயான். ஐம்பது வயதிருக்கும். முந்தைய வருடக் குகை வகுப்பும் அவவிடம்தான். அதிகம் பேசமாட்டா, கோபிக்கவும் மாட்டா. முதல் நாளே பழைய விதிகளைத் திரும்பச் சொன்னா. குகை வாயிலிலிருந்து உள்ளே கட்டியிருக்கிற வழிக்கயிற்றை விட்டு விலகக் கூடாது. அவரவர் இயந்திரத்தை அவரவரே பூட்ட வேண்டும், அவரவர் சுண்ணாம்பை அவரவரே அடைக்க வேண்டும். கடைசி விதி, யாரும் எந்த நேரத்திலும் பெருவிரலை உயர்த்திப் பயணத்தை முடிக்கலாம். ஒருவர் உயர்த்தினால் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, மற்றவர் கேட்கவும் கூடாது. தண்ணீருக்குள்ளும் கேட்கக் கூடாது, கரைக்கு வந்தும் கேட்கக் கூடாது.

இதை முந்தைய வருடம் முதன்முதலில் கேட்டபோது நேசன் கையை உயர்த்தி, "ஏன் கேட்கக் கூடாது?" என்று கேட்டவர். வகுப்பே சிரித்தது. டயான் சிரிக்கவில்லை. "கேட்பார்கள் என்று தெரிந்தால் விரல் உயராது," என்றா.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த விளையாட்டிலேயே பிடித்த விசயம் அந்த விதிதான். எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு நான் வரவில்லை என்று சொன்னால், அதற்கு அரை மணி விசாரணை நடக்கும். காரணம் கேட்காமல் திரும்பி நடக்கிற ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது, அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாட்களும் நன்றாகப் போயின. ஊற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க 22 பாகை செல்சியஸ், கண்ணாடி மாதிரித் தெளிவு. குகை வாயிலில் தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும். உள்ளே போவதென்றால் பாறையைப் பிடித்துப் பிடித்து எதிர்த்துப் போக வேண்டும், திரும்பும்போது அதுவே தூக்கிக்கொண்டு வந்துவிடும். சத்தமே இல்லை. ஒட்சிசன் வால்வு இடைக்கிடை 'டிக்' என்று சொல்லும், அவ்வளவுதான். மீன்கள் விலகிப் போகாமல் பக்கத்திலேயே நின்றன. முதல் நாள் கரைக்கு வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. நேசனிடம் அதைச் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடுவார்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறேன். வீட்டில் எங்களுக்குள் ஒரு வேலைப் பங்கு இருந்தது. விடிய இருவரின் சாப்பாட்டுப் பெட்டியையும் நான்தான் கட்டுவேன். என் காரின் பனியைச் சுரண்டுவது, ரயர் மாற்றுவது, எண்ணெய் பார்ப்பது எல்லாம் அவர் கை. நான் கேட்டு அவர் செய்வதில்லை, அவர் கேட்டு நான் செய்வதும் இல்லை. பாசத்தை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத சனம், இப்படித்தான் சொல்லுவோம். மோட்டலிலும் அதே மாதிரி நடந்தது. விடிய நான் கேற்றிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பாணுக்குச் சீனிச்சம்பல் பூசி, மகளோடு போனில் கதைப்பேன். அதற்குள் அவர் தன் பேணியையும் குறுணி இறுகத் தட்டி அடைத்து, என் பேணியையும் அடைத்துவிடுவார். அவரவர் பேணியை அவரவர் என்று டயான் சொன்னது இருவர் காதிலும் விழுந்ததுதான். அது மற்றவர்களுக்கு, புருசன் பெண்சாதிக்கு இல்லை என்று நாங்கள் இருவருமே மனதுக்குள் எடுத்துக்கொண்டோம்.

நாலாம் நாள் விசேச நாள். வழிக்கயிறு முடிகிற அறை வரை போகலாம் என்று டயான் சொல்லியிருந்தா. அங்கே பாறையில் ஒரு கைப்பிடி அகலத்தில் ஒரு வெடிப்பு, அதற்குள்ளிருந்துதான் தண்ணீர் வருகிறது, அதற்கு அப்பால் ஆளும் போக முடியாது, கயிறும் இல்லை. நேசன் நாலு மணிக்கே எழும்பிவிட்டார். அவருடைய ஒட்சிசன் மீற்றர் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதோடு மினைக்கெட்டுவிட்டு, டயானின் வாகனம் வந்து நின்ற பிறகுதான் என் பேணியை அவதிப்பட்டு அவசரமாக அடைத்தார்.

கரையில் வழமைபோல மூக்கைப் பொத்திக்கொண்டு சில நிமிடம் இயந்திரத்தில் மூச்செடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இருந்தபடி மெல்ல மூச்செடுக்கும்போது தெரியாது என்று பிறகுதான் விளங்கியது. டயான் முன்னுக்கு, நேசன் நடுவில், நான் பின்னுக்கு. தொண்ணூறு அடி ஆழம், எதிர்த் தண்ணீர் அன்று பலமாக இருந்தது.

பாதி வழி தாண்டியிருப்போம். நெற்றிக்குப் பின்னால் ஒரு இடி தொடங்கியது. நித்திரை காணாது, விடியக் குடித்த தேநீர் காணாது என்று எனக்கு நானே சொன்னேன். இன்னும் கொஞ்சத் தூரம்தான், பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கலியாண வீட்டில் மண்டை வெடிக்கிற தலையிடியோடு மூன்று மணித்தியாலம் சிரித்துக்கொண்டு நின்றவள் நான். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தானே நிற்கிறோம்? முன்னால் நேசனின் துடுப்புக்கால்கள் சந்தோசமாக அடித்துக்கொண்டு போயின. இத்தனை வருடம் கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில் காணப் போகிற மனிதனை என் தலையிடிக்காகத் திருப்புவதா?

பிறகு மூச்சு இரைக்கத் தொடங்கியது. இழுக்க இழுக்கப் போதவில்லை. கூடவே ஒரு பயம் வந்தது. எதற்கென்று இல்லாத பயம். பாறை கிட்ட வருவது போல இருந்தது. மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், அது வரவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. விளக்கை வேகமாக ஆட்டினேன். இருவரும் திரும்பினார்கள். பெருவிரலை உயர்த்தினேன்.

நேசன் என்னைப் பார்த்தார். அவருடைய வலது கை எழும்பி, உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பியது. நம்முடைய 'ஏன்'. தொண்ணூறு அடித் தண்ணீருக்குக் கீழேயும் அந்தக் கை அப்படித்தான் திரும்பியது. என்னிடம் காட்ட ஒரு காரணமும் இல்லை. மீற்றரில் எல்லாம் சரி. எனக்கு அழுகை வந்தது. விரலை அவர் முகத்துக்கு நேரே இன்னொரு தரம் உயர்த்திப் பிடித்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு மூச்சுக்கு மேல் இருக்காது. அந்தக் கை மெதுவாக மூடி, பெருவிரல் மட்டும் மேலே வந்தது. டயான் அதற்குள் என் பக்கத்தில் வந்து, என் விலாவில் தொங்கிய உதவிச் சிலிண்டரைத் தட்டிக் காட்டினா. ரீபிரீதரை மூடிவிட்டு அந்தச் சிலிண்டருக்கு வாயை மாற்ற வேண்டும். இரைக்கிற நேரத்தில் வாயிலிருந்து ஒன்றை எடுப்பது எவ்வளவு கடினம் என்று எழுதத் தெரியவில்லை. மாற்றினேன். குமிழிகள் கூரையில் தகரத்தில் மழை விழுகிற மாதிரி இரைந்தன. தண்ணீர் எங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. நேசன் முழு வழியும் என் கையை விடவில்லை.

கரையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டயான் தண்ணீர்ப் போத்தலைத் தந்தா. நேசன் வாயைத் திறந்தார், டயானைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நான் கரையோரம் குனிந்து சத்தி எடுத்து முடித்து, கொஞ்சம் தெளிந்த பிறகு நானாகவே சொன்னேன், தலை இடிக்கிறது, மூச்சு இரைத்தது என்று.

டயான் என் பெட்டியைத் திறந்து பேணியை எடுத்தா. மூடியைக் கழற்றியதும் மூவரும் பார்த்தோம். குறுணி இரண்டு விரல் அளவு கீழே இறங்கியிருந்தது. ஒரு பக்க ஓரமாக ஒரு வெற்று வழி. என் மூச்சு சுண்ணாம்பில் படாமல் அந்த வழியால் ஓடிப்போய் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

"இதை யார் அடைத்தது?" என்றா டயான். அதை மட்டும் அவ கேட்டா.

"நான்," என்றார் நேசன்.

டயான் ஏசவில்லை. நாளைக்கு யாரும் இறங்க வேண்டாம், அதற்குப் பிறகு உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போனா. நேசன் போய் வானுக்குள் உட்கார்ந்தார். நான் போனபோது ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டிப் பதினொரு வருடத்தில் அவர் அழுது நான் கண்டது அது இரண்டாம் தரம்.

"நான்தான் அடைச்சனான்," என்றார். "தட்டேல்லை. அவதியில தட்டாம விட்டிட்டன். என்ர கையால..."

"நான்தானே அடைக்க விட்டனான்."

"நீர் விரலைக் காட்டேக்கை நான் ஏனெண்டு கேட்டன். நீர் பயந்து போய்க் கையை இறக்கியிருந்தா?"

"இறக்கேல்லைத்தானே."

"இறக்கியிருந்தா?"

எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது, பேணிக்கு அல்ல, அந்த உள்ளங்கைக்கு. சொன்னேன். அவர் தலையாட்டினார். சீனிச்சம்பல் பாண் பார்சலைப் பிரித்து ஆளுக்கொன்று சாப்பிட்டோம்.

அடுத்த நாள் முழுக்க மோட்டலில் படுத்திருந்தேன். வீட்டுக்குப் போவோம் என்றார் நேசன், சாமான்களைக் கூட அடுக்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் போக மனமில்லை. பயந்தபடியே திரும்பினால் அந்தப் பயம் கூடவே வந்து எங்கள் வீட்டில் குடியிருக்கும் என்று பட்டது. பின்னேரம் எழும்பி வாளியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து, பேணியை மடியில் வைத்துக்கொண்டேன். மிளகாய்த்தூளைப் போத்தலில் அடைக்கிற பழக்கம் என் கைக்கு இருந்தது. கொஞ்சம் போட்டு, சுற்றிவரத் தட்டி, இறங்க விட்டு, மேலே போட்டு, திரும்பத் தட்டி, இனி இறங்காது என்று கை சொல்லும் வரை செய்ய வேண்டும். நேசன் கட்டிலில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார்.

"அந்தப் பக்கம்..." என்று தொடங்கினார்.

"வாயைப் பொத்திக்கொண்டிருங்கோ."

பொத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கூடக் கட்டவில்லை, அவரே கட்டினார். சம்பல் வழிந்தோடியது.

ஆறாம் நாள், கடைசி நாள், திரும்ப இறங்கினோம். வாயிலில் பாறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போகப் போகப் பிடி தளர்ந்தது. தலையிடி இல்லை, மூச்சு ஆறுதலாக வந்தது, வால்வு 'டிக்' என்றது. போன முறை விரல் உயர்த்திய இடம் வந்தது, கடந்தோம். குகை அகன்றது. வெள்ளைக் கல், இடையிடையே கறுப்புக் கோடு, தரையில் மாவரித்த மாதிரி மணல். தூரத்தில், டயானின் விளக்கு பட்ட இடத்தில், வழிக்கயிற்றின் நுனி கட்டிய பாறை தெரிந்தது. அதற்குப் பின்னால் இருட்டாக ஒரு கீறல். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு பேருந்தின் நீளம் கூட இராது.

நேசன் நின்றார். கயிற்றைப் பிடித்தபடி அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பெருவிரலை உயர்த்தினார்.

என் கை தானாகவே எழும்பியது. உள்ளங்கை திரும்பத் தொடங்கியதை நான் கண்டேன். அவரும் கண்டிருப்பார். பாதியில் பிடித்து மூடி, பெருவிரலை உயர்த்தினேன். டயானும் உயர்த்தினா. திரும்பினோம்.

அவருடைய மீற்றர்கள் எல்லாம் சரியாக இருந்தன. பேணியும் சரியாக இருந்தது, நான் பார்த்தேன். இரண்டு பேரும் தேறிவிட்டோம் என்று டயான் கை கொடுத்தா. திரும்பும் வழியில், ஏன் விரலைக் காட்டினார் என்று ஜோர்ஜியாவில் எனக்குக் கேட்க வந்தது, ரெனிசி மலையில் கேட்க வந்தது, வின்சரில் கோப்பி குடிக்கும்போது நாக்கு நுனியில் நின்றது. ஒரு போல்ட் கழன்றாலும் அதன் வரலாறு சொல்கிற மனிதர், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். முதலில் சாதாரணச் சிலிண்டரோடு குகை வகுப்பை முடியுங்கள், பிறகு ரீபிரீதரைத் திறந்த தண்ணீரில் நன்றாகப் பழகுங்கள், அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்க்கலாம். படிக்காமல் குகை வாயிலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். ஒக்டோபர், நவம்பர் நல்ல காலம். தண்ணீர் 22 பாகை என்றால் வெதுவெதுப்பு என்று நினைக்காதீர்கள், ஒன்றரை மணித்தியாலத்தில் பல் கிட்டும். கடைசிச் சுழியோட்டத்துக்குப் பிறகு ஒரு நாள் சும்மா இருந்துவிட்டுப் புறப்படுங்கள், வழியில் மலை ஏறுகிறது, சுழியோடிய கையோடு உயரத்துக்குப் போவது உடம்புக்குக் கூடாது. எல்லையில் சுண்ணாம்பு வாளியின் ஒட்டுத்தாளைக் கிழிக்காமல் வைத்திருங்கள். நான் சொன்ன விலைகளை நம்பாதீர்கள், அது அந்தக் காலம். இப்போதைய இயந்திரங்கள் காபனீரொட்சைட்டையும் பார்த்துச் சொல்கின்றனவாம், நல்லது. இருந்தாலும் உங்கள் பேணியை நீங்களே அடையுங்கள். எவ்வளவு பாசமான ஆள் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நாங்கள் டோர்செட் பார்க் வந்து சேர்ந்தபோது அக்கா கதவடியில் நின்றா. மகள் ஓடி வந்து தகப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்து, முழுசாகத்தான் வந்திருக்கிறோம் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, நேசனிடம் கேட்டா.

"என்ன, கண்டனீங்களோ? தண்ணி எங்கயிருந்து வருதெண்டு?"

"இல்லை அக்கா. கிட்டப் போயிட்டுத் திரும்பியிட்டம்."

"இவ்வளவு தூரம் போய்? ஏன்?"

நேசன் மகளின் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா," என்றேன், "அதை மட்டும் கேக்கப்படாது."